6 ஆண்டு எங்கே? 16 நாள் எங்கே? தியேட்டர் படம் வீட்டுக்கு வந்த கதை!

ஒரு காலத்தில் தீபாவளிக்கு வந்த படம் பொங்கல் வரை ஓடினால்தான் அது வெற்றிப்படம். 100-வது நாள் போஸ்டர் ஒட்டினால்தான் தயாரிப்பாளர் முகத்தில் சிரிப்பு வரும்.

இப்போதோ "இன்னும் நாலு வாரம் பொறுத்தா வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு.

அந்த நாலு வாரம் சாதாரண விஷயம் அல்ல. ஒரு படம் தியேட்டரில் வெளியாகும் நாளுக்கும் வீட்டுக்குள் நுழையும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கோடிகள் புரளுகின்றன. கோர்ட்டு வழக்கு, தடை மிரட்டல், கடை திறப்பு, கடை மூடல் எல்லாமே இந்த இடைவெளிக்காக நடந்தவைதான்.

இந்தச் சண்டை தொடங்கியது நம்ம ஊரில் அல்ல. அமெரிக்காவில்!

பெட்டிக்குள் பூட்டிய 'ஈ.டி.'

1982 ஜூன் மாதம் ஸ்டீபன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளியானது. வேற்றுக் கிரகத்து குட்டிப் பிராணியும் ஒரு சிறுவனும் நண்பர்களாகும் கதை. அமெரிக்காவில் மட்டும் முதல் ஓட்டத்திலேயே 35 கோடி டாலருக்கு மேல் வசூல். அதுவரை யாரும் தொடாத உயரம் அது.

அப்போதே அமெரிக்க வீடுகளில் வீடியோ டெக் வந்துவிட்டது. 'ஈ.டி. கேசட் எப்போ?' என்று கடைக்காரர்கள் நச்சரித்தார்கள். யுனிவர்சல் கம்பெனி அசைந்து கொடுக்கவில்லை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் அல்ல. 6 ஆண்டு!

1988 அக்டோபரில்தான் கேசட் வந்தது. விலை 24 டாலர் 95 சென்ட். திருட்டு கேசட்டை மக்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அசல் கேசட்டில் பச்சை நிற பிளாஸ்டிக் பாகங்கள் வைத்தார்கள். காத்திருந்தது வீண் போகவில்லை. ஒரு கோடிக்கும் மேல் கேசட் விற்றுத் தீர்ந்தது.

கோர்ட்டுக்கு இழுக்கப்பட்ட டெக்

இந்த யுனிவர்சல் கம்பெனிக்கும் டெக்குக்கும் ஏற்கெனவே ஆகாது. 1975-ல் சோனி கம்பெனி 'பீட்டாமேக்ஸ்' டெக்கை விற்கத் தொடங்கியது. அடுத்த வருஷமே யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து வழக்குப் போட்டன. டி.வி.யில் வரும் படத்தை மக்கள் வீட்டில் பதிவு செய்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்பது அவர்கள் வாதம்.

வழக்கு 7 ஆண்டுக்கு மேல் நடந்தது. 1984 ஜனவரி 17-ந்தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 9 நீதிபதிகளில் 5 பேர் சோனி பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் டெக் பிழைத்தது!

தமாஷ் என்னவென்றால், தோற்றுப்போன கம்பெனிகள்தான் பிறகு கேசட்டால் கொழித்தன.

80 டாலரா? 25 டாலரா?

ஆரம்பத்தில் ஒரு கேசட்டின் விலை 80 டாலர் வரை இருந்தது. குடும்பஸ்தன் வாங்கக்கூடிய விலையா அது? வாடகைக் கடைக்காரர்கள்தான் வாங்கினார்கள். ஒரு கேசட்டை நூறு பேருக்கு வாடகைக்கு விட்டாலும் சினிமா கம்பெனிக்கு அதில் பங்கு கிடையாது. ஒரு தடவை விற்றதோடு சரி.

'விலையைக் குறைத்து எல்லார் வீட்டுக்கும் விற்றால் என்ன?' என்று அப்புறம்தான் யோசனை பிறந்தது. 1986-ல் வசூலை அள்ளிய 'டாப் கன்' படத்தின் கேசட், 1987-ல் 27 டாலருக்கும் குறைவாக வந்தது. படம் ஆரம்பிக்கும் முன்பு பெப்சி விளம்பரம் ஒன்று ஓடும். அந்த விளம்பரக் காசுதான் விலையைக் குறைக்கக் கைகொடுத்தது.

விலை குறைந்ததும் நாளும் குறைந்தது. 1989 ஜூன் மாதம் வந்த 'பேட்மேன்' அமெரிக்காவில் 25 கோடி டாலர் வசூலித்தது. அதே வருஷம் நவம்பரிலேயே கேசட் கடைக்கு வந்துவிட்டது. முழுசாக 5 மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸ் பரிசாக வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பவில்லை.

வழக்குப் போட்ட டிஸ்னி என்ன செய்தது? 1994-ல் தியேட்டரில் ஓடிய 'லயன் கிங்' படத்தை 1995 மார்ச்சில் கேசட்டாக விட்டது. சுமார் 3 கோடி கேசட் விற்றது. குழந்தை இருக்கும் வீடெல்லாம் சிங்கக்குட்டி!

1997 டிசம்பரில் வந்த 'டைட்டானிக்' கதை இன்னும் வேடிக்கை. 1998 செப்டம்பர் 1-ந்தேதி கேசட் வெளியானபோது சில தியேட்டர்களில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தியேட்டரில் ஊத்திக்கிட்டது, வீட்டில் ஜெயித்தது

வீடியோ சில படங்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது. 1994-ல் வெளியான 'தி ஷாஷங்க் ரிடெம்ப்ஷன்' சிறைக் கைதிகள் பற்றிய படம். செலவு 2½ கோடி டாலர். முதல் ஓட்டத்தில் வசூல் சுமார் 1 கோடியே 60 லட்சம்தான். போட்ட காசுகூட தேறவில்லை. 7 ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தும் ஒன்றும் கைக்கு வரவில்லை.

1995-ல் கேசட் வந்தது. பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் வாடகைக்குப் போன படங்களில் அது முன் வரிசைக்கு வந்தது. இன்று உலகின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இடம்பிடிக்கிறது.

இன்னொரு அதிசயம் 'ஆஸ்டின் பவர்ஸ்'. 1997-ல் வந்த இந்த சிரிப்புப் படம் அமெரிக்க தியேட்டர்களில் மொத்தம் வசூலித்தது 5 கோடியே 40 லட்சம் டாலருக்குள். கேசட்டில் பார்த்துப் பார்த்து ரசிகர் கூட்டம் பெருகியது. 1999-ல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் படம் மொத்தமாக ஓடி சம்பாதித்ததை அது மூன்றே நாளில் தாண்டியது!

அளவுக்கு மிஞ்சினால்...

கேசட் போய் டி.வி.டி. வந்தது. 2003 நவம்பரில் 'பைண்டிங் நீமோ' டி.வி.டி. முதல் நாளே 80 லட்சம் விற்றது. தியேட்டர் வசூல் வெறும் முன்பணம், அசல் லாபம் தட்டில்தான் என்று கம்பெனிகள் நினைத்தன.

அந்த நினைப்புக்கு சீக்கிரமே அடி விழுந்தது. 2004-ல் 'ஷ்ரெக் 2' அமெரிக்காவில் 44 கோடி டாலர் குவித்தது. டி.வி.டி.யும் பிய்த்துக்கொண்டு போகும் என்று கடைகளுக்கு மலைபோல் அனுப்பினார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மிச்சம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. 2005-ல் தயாரித்த கம்பெனியின் பங்கு விலை சரிந்தது.

வாடகைக் கடைகளின் ராஜாவாக இருந்த 'பிளாக்பஸ்டர்' கதையும் சோகம். 2004-ல் 9 ஆயிரம் கடை. 2010-ல் திவால். இன்று ஓரிகன் மாநிலத்தில் பெண்ட் என்ற ஊரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு கடை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள்!

தட்டு விற்ற இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. இந்த மாற்றம் எல்லாம் கொஞ்சம் வேறு மாதிரி நம்ம தமிழ்நாட்டிலும் நடந்தது.

டெக் வாடகையும் திருட்டு வி.சி.டி.யும்

1980-களில் டெக் உள்ள வீடு என்றால் தெருவுக்கே மரியாதை. இல்லாதவர்கள் டி.வி.யும் டெக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். நாலு கேசட். விடிய விடிய படம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் முதல் படத்திலேயே தூங்கிவிடும். பெரியவர்கள் வாடகைக் காசு வீணாகக் கூடாதே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் கேசட் காசு சினிமா கம்பெனிக்குப் போனது. இங்கே பெரும்பகுதி திருட்டு வீடியோக்காரன் பைக்குப் போனது. அதுதான் வித்தியாசம். 1984-ல் மத்திய அரசு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கூட்டியது. 2004-ல் தமிழக அரசு ஒரு படி மேலே போய், திருட்டு வி.சி.டி. ஆசாமிகளையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தது.

விலையைக் குறைத்தால் திருட்டு ஒழியும் என்று நினைத்தவர்களும் உண்டு. மோசர் பேர் கம்பெனி 2007 வாக்கில் 28 ரூபாய்க்கு அசல் வி.சி.டி. விற்றது. 2015-ல் டைரக்டர் சேரன் 'சி2எச்' என்ற திட்டத்தில் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக நேரே வீடுகளுக்குக் கொண்டு போனார். அதற்கு முன்பு 2013-ல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.சில் காட்ட முயன்றார். தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் நடக்கவில்லை.

அவர் நினைத்தது பிற்காலத்தில் வேறு வழியில் வந்து சேர்ந்தது.

16 நாளில் 'மாஸ்டர்'

2020-ல் கொரோனா. தியேட்டர்களுக்குப் பூட்டு. மே 29-ந்தேதி ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' தியேட்டர் பக்கமே போகாமல் நேரே ஓ.டி.டி.யில் வந்தது. இனி சூர்யாவின் படங்களைத் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் தரப்பில் எச்சரித்தார்கள். அவரது 'சூரரைப் போற்று' படமும் நவம்பரில் வீட்டுக்கே வந்தது. தேசிய விருதில் சிறந்த படம் என்ற பரிசையும் தட்டிச் சென்றது.

2021 ஜனவரி 13-ந்தேதி விஜய்யின் 'மாஸ்டர்' தியேட்டரில் வெளியானது. பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. அப்படியும் கூட்டம் அலைமோதியது. மூடிக்கிடந்த கொட்டகைகளுக்கு மூச்சு வந்தது. ஆனால் ஜனவரி 29-ந்தேதி, அதாவது 16 நாள் கழித்து, அதே படம் ஓ.டி.டி.யில்! 'ஈ.டி.'க்கு 6 ஆண்டு. 'மாஸ்டரு'க்கு 16 நாள்.

நாளில் என்ன இருக்கிறது?

ரசிகனுக்கு என்றைக்குப் பார்த்தாலும் ஒன்றுதான். தியேட்டர்காரருக்கு அப்படி அல்ல.

டிக்கெட் காசு முழுவதும் தியேட்டருக்குப் போவதில்லை. பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரத்தில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் ஏற ஏற தியேட்டர் பங்கு கூடும். உதாரணத்துக்கு, முதல் வாரம் 100 ரூபாயில் 30 ரூபாய் தியேட்டருக்கு என்றால், அடுத்த வாரம் 40, அப்புறம் 50 என்று போகும். ஆக, படம் எத்தனை வாரம் நிற்கிறதோ அத்தனைக்கத்தனை தியேட்டருக்கு லாபம். கேண்டீன், சைக்கிள் ஸ்டாண்டு வருமானமும் அப்படித்தான். பங்கு கூடும் நேரம் பார்த்து படம் வீட்டுக்குப் போய்விட்டால்?

தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஓ.டி.டி. கம்பெனி சூடு ஆறும் முன் படம் கிடைத்தால்தான் நல்ல விலை தரும். தியேட்டரில் படம் படுத்துவிட்டாலும் அந்தக் காசுதான் கடன்காரனிடமிருந்து காப்பாற்றுகிறது.

கடைசியில் பெரிய படங்களுக்கு ஏறக்குறைய 4 வாரம், 5 வாரம் என்று ஒரு வழக்கம் உருவானது. 2022-ல் 'விக்ரம்' 35 நாள் கழித்து வந்தது. 2023-ல் 'ஜெயிலர்' 28 நாள். அதே வருஷம் 'லியோ'வுக்கு 36 நாள். வடநாட்டு மல்டிபிளெக்ஸ்காரர்கள் 8 வாரம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால் 'லியோ' இந்திப் பதிப்பு அந்தத் திரைகளில் ஏறவே இல்லை. தமிழ்நாட்டு உரிமையாளர்களும் 8 வாரம் கேட்டுப் பார்த்தார்கள்.

பொறுத்தவர் ஜெயித்த கதையும் உண்டு. 1987-ல் கேசட் விலையைக் குறைத்த அதே 'டாப் கன்' படத்தின் இரண்டாம் பாகம் 2022 மே மாதம் வந்தது. சுமார் 3 மாதம் வீட்டுப் பக்கம் விடவில்லை. அமெரிக்காவில் மட்டும் 70 கோடி டாலருக்கு மேல் வசூல்!

வீட்டில் இலவசம், தியேட்டரில் ஹவுஸ்புல்

சென்னையில் சபையர், ஆனந்த், சாந்தி எல்லாம் போய்விட்டன. அசோக் பில்லர் அருகே உதயம் தியேட்டரும் 2024-ல் மூடப்பட்டது. எல்லாவற்றுக்கும் டெக்கையும் செல்போனையும் குறை சொல்ல முடியாது. மனை விலை ஏறியதும் ஒரு காரணம்.

ஆனால் அதே 2024 ஏப்ரல் 20-ந்தேதி நடந்ததையும் பார்க்க வேண்டும். 20 வருஷத்துக்கு முந்திய 'கில்லி' மறுபடி தியேட்டருக்கு வந்தது. டி.வி.யில் எத்தனை முறை போட்டார்கள் என்று கணக்கே கிடையாது. வசனம் மனப்பாடம். செல்போனில் வேண்டிய நேரம் பார்க்கலாம். இருந்தும் டிக்கெட்டுக்கு அடிதடி. ஹவுஸ்புல் போர்டு. உள்ளே விசில் சத்தத்தில் வசனமே கேட்கவில்லை.

2012-ல் சிவாஜியின் 'கர்ணன்' புது மெருகோடு வந்தபோதும் இதே கதைதான். 1964-ல் வந்த படம் 100 நாளைத் தாண்டி ஓடியது.

காசில்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் படத்துக்கு வரிசையில் நின்று காசு கொடுத்தவர்கள் அவர்கள். 8 வாரமா, 4 வாரமா என்று மல்லுக்கட்டும் இரண்டு தரப்பும் அந்த வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் நல்லது!