பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை: வேட்டைக் கருவி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

கொழும்பிலிருந்து ஹற்றன் நோக்கி வரும் ரயில், வட்டவளையைத் தாண்டியதும் நிற்கும் சின்ன ஸ்டேஷன் றொசல்ல. ஸ்டேஷனுக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள், லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு மரக்கறித் தோட்டம். அதற்கும் மேலே காடு. பன்றி இறங்குவது அந்தக் காட்டிலிருந்துதான். ஒரு கூட்டம் பன்றி ஒரே இரவில் ஒரு உருளைக்கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போய்விடும். மூன்று மாத உழைப்பு அது. நாட்கூலியை வைத்துக் குடும்பம் ஓட்ட முடியாதவர்கள் கடன்பட்டு விதைத்தது.

அதனால்தான் சுருக்கு வைக்கிறார்கள். செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கேபிளையோ பிரேக் கேபிளையோ எடுத்து, ஒரு முனையில் ஓடும் முடிச்சுப் போட்டு, பன்றி வரும் தடத்தில் அதன் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டு, மறுமுனையை மரத்தில் கட்டினால் முடிந்தது. மிருகம் முன்னே இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். இறைச்சிக்காகவே வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நான் பேசியவர்களில் பலருக்கு முதல் காரணம் பாத்திதான்.

பன்றியின் தடத்திலேயே சிறுத்தையும் நடக்கிறது. மரையும் கேளையாடும் நடக்கின்றன. லயத்து நாயும் நடக்கிறது. சிறுத்தை ஒல்லியானது. பன்றியின் கழுத்துக்கு அளந்த வளையத்துக்குள் அதன் தலையும் முன்னங்கால்களும் நுழைந்துவிடும், கம்பி இடுப்பில் இறுகும். திமிறத் திமிற உள்ளுறுப்புகள் நசுங்கும். வெளியே பெரிய காயம் தெரியாமலே உள்ளே செத்துக்கொண்டிருக்கும். மயக்க ஊசி போட்டு உயிரோடு மீட்ட சிறுத்தைகள் சில நாட்களில் இறந்துபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் நடந்ததை மலையகத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அருகே சுருக்கில் சிக்கியது கருஞ்சிறுத்தை. இலங்கையில் மிக அரிதாகவே தென்படும் மிருகம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் அந்தப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை பதிவாகியிருந்தது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 அன்று இறந்துவிட்டது.

இதை எழுதுவதற்காக மற்ற நாடுகளின் வேட்டைச் சட்டங்களைத் தேடிப் படித்தபோது, அமெரிக்காவில் நடக்கும் ஒரு வாதம் கண்ணில் பட்டது. அங்கே வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுவது சட்டபூர்வமான பொழுதுபோக்கு. ஆனால் மொன்டானா போன்ற மாநிலங்களில், வில்லில் பற்றரியால் இயங்கும் கருவிகளைப் பொருத்துவதற்கு நீண்டகாலமாகக் கட்டுப்பாடு இருக்கிறது. லேசர் மூலம் தூரத்தை அளந்து எங்கே குறிவைக்க வேண்டும் என்று காட்டும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன, வாங்கலாம். வேட்டைக்குக் கொண்டுபோகத்தான் சில மாநிலங்கள் விடுவதில்லை. காரணம், மிருகத்துக்குத் தப்பிக்க ஒரு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், குறிபார்க்கும் வேலையை மனிதனே செய்ய வேண்டும் என்ற எண்ணம். வில்லில் ஒரு சின்ன விளக்கு எரியலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் விவாதிக்கிறார்கள். நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் கேட்கும் கேள்வி சரியானது: கொல்லும் கணத்தில் முடிவெடுப்பது யார், மனிதனா கருவியா?

சுருக்கில் அந்தக் கணத்தில் மனிதனே இல்லை. அவன் லயத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

வில்லைப் பொறுத்தவரை இலங்கையின் கதை வேறு. வில்லோடு வாழ்ந்தவர்கள் வேடர் சமூகத்தினர். 1983இல் மாதுரு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட நிலமானது. வில்லில் பற்றரி பூட்டலாமா என்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை.

மலைநாட்டிலோ வேட்டை என்பது துரைமாரின் விளையாட்டாக இருந்தது. மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை ஏவி மரை வேட்டையாடி, கத்தியால் குத்திக் கொன்றதைப் புத்தகமாகவே எழுதினார். மிருகங்கள் குறைந்த பிறகு, வேட்டைக்காரர்களே 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். இன்று நடைமுறையில் இருக்கும் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டது. 1993இலும் 2009இலும் பெரிய திருத்தங்கள் வந்தன.

அந்தச் சட்டத்தின்படி சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம். கொல்வதும் பிடிப்பதும், அதன் தோலையோ பல்லையோ வைத்திருப்பதும் குற்றம். காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை. காகிதத்தில் இது தெளிவான பிரிப்பு. கம்பிக்கு இந்தப் பட்டியல் தெரியாது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்பவர் உண்மையையே சொல்லலாம், ஆனால் சிக்கியது சிறுத்தை என்றால் அவர் நீதவான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். சிறுத்தை சிக்காதவரை அந்தக் கம்பி யார் கண்ணிலும் படுவதில்லை. சட்டம் வந்து சேர்வது பெரும்பாலும் மிருகம் செத்த பிறகுதான்.

வடக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிப்பவர் யார் என்று பார்க்காமல் வெடிக்கும் பொருளோடு நாம் வாழ்ந்திருக்கிறோம். போர் முடிந்தும் வயலுக்கும் விறகுக்கும் போனவர்கள் கால் இழந்தார்கள். உலகம் மிதிவெடியைத் தனியாகத் தடைசெய்ததற்குக் காரணமே அது ஆளைத் தெரிவுசெய்யாது என்பதுதான். இலங்கை அந்த உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. காட்டுக்குள் வைக்கும் கட்டுத்துவக்கும், தீனிக்குள் வைக்கும் பன்றிவெடியும், வீட்டு மின்சாரத்தை நேராக இழுத்து வரப்போரம் கட்டும் கம்பியும் அதே சாதிதான். பன்றிக்குக் கட்டிய மின்கம்பியில் பக்கத்துக் காணிக்காரர் செத்தார், கட்டியவரே செத்தார் என்ற செய்திகள் வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் வந்துகொண்டே இருக்கின்றன.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரவர்கள் அடித்துக் கொன்றார்கள். வீடியோ பரவியது, கைதுகள் நடந்தன. கிளிநொச்சியில் கணிசமானோர் 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து போனவர்களின் குடும்பங்கள். காட்டோரத்தில், உறுதியில்லாத காணியில், மிருகத்தோடு முகத்துக்கு முகம் வாழ்வது அவர்களுக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சிறுத்தைக்காகப் பேசுபவர்கள் பலர் லயத்து மக்களைக் குற்றவாளிகளாக மட்டுமே பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. றொசல்லயில் காட்டோரம் பாத்தி கட்டியவருக்கு அந்தக் காணி சொந்தமில்லை. காணி அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. சொந்தமில்லாத துண்டுக்கு யார் காசு போட்டு நல்ல வேலி அடிப்பார்? கிளட்ச் கேபிள் சும்மா கிடைக்கிறது. தோட்ட நிர்வாகம் மாதம் ஒருமுறை காட்டோரத்தைச் சுற்றிவந்து கம்பிகளை அகற்றலாம். மரக்கறிப் பாத்திகளுக்குக் கூட்டு வேலி போட்டுக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். காட்டோரம் தங்கள் நிர்வாகத்தில் இருக்கிறது என்பதைக் கம்பனிகள் கொழுந்து நிறுக்கும்போது மட்டும் நினைவில் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

சிறுத்தை சிக்கியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். போனில் படமெடுக்கக் கூட்டம் கூடினால் அது பயந்து திமிறும், கம்பி இன்னும் இறுகும். கம்பி அறுந்தால் பாய்வதும் கூட்டத்தின் மேல்தான். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அழைத்து, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்லுங்கள். மயக்க ஊசியோடு மிருக வைத்தியர் வந்துசேர மணித்தியாலங்கள் ஆகலாம். அதுவரை ஆட்களையும் நாய்களையும் தூரத்தில் வைத்திருக்க இரண்டு பேர் போதும்.