மீன் ஒன்று, நிறம் பல!

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது ஆடலூர். காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். அங்கே ஓடைகள் உண்டு. ஆனால், "டிரவுட்" என்ற மீனுக்கு அந்தக் குளிர் போதாது. ஐஸ் போன்ற தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு அதிகம் கரைந்திருக்கும்.

தமிழ்நாட்டில் டிரவுட்டைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் உச்சிக்குப் போக வேண்டும். அங்கே அவலாஞ்சியில் 1907-ம் ஆண்டு வில்சன் என்ற வெள்ளைக்காரர் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தார். அவர் வளர்த்தது "வானவில் டிரவுட்". விலாவில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். அமெரிக்காவின் மேற்குக் கரைதான் இதன் தாயகம்.

தோற்ற டாக்டர்

வில்சனுக்கு முன்பே ஒருவர் முயன்றார். அவர் சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே. 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டைக் கொண்டுவந்து நீலகிரியில் வளர்க்கப் பார்த்தார். பலிக்கவில்லை.

ஆனால், டிரவுட்டை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் இங்கிலாந்தில் அதையே ஆராய்ந்தார். அப்போது அங்கே ஒரு பெரிய வழக்கு. ஓர் ஏரியில் டிரவுட் வெள்ளி போல மின்னும். வேறோர் ஓடையில் கறுத்திருக்கும். இன்னொன்றில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். இவை வெவ்வேறு ஜாதி என்றார் குந்தர் என்ற பெரிய நிபுணர். சுமார் பத்து ஜாதியாகப் பிரித்தார். "இல்லை, எல்லாம் ஒரே ஜாதி, இடத்துக்கு ஏற்ப மாறுகிறது" என்பது டேயின் கட்சி. 1887-ல் புத்தகமாகவே எழுதினார். டே சொன்னதுதான் சரி என்று பின்னால் வந்தவர்கள் ஏற்றார்கள்.

நிறம் எப்படி மாறுகிறது?

மீனின் தோலில் கண்ணுக்குத் தெரியாத சாயப் பைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கறுப்புச் சாயம் பரவினால் மீன் கறுக்கும். ஓரிடத்தில் ஒடுங்கினால் வெளுக்கும். கறுப்புச் சேற்றின் மேல் வாழும் மீன் கறுப்பு. வெள்ளை மணல் மேல் வாழும் மீன் வெளுப்பு. பறவையின் கண்ணுக்குத் தப்ப இது ஒரு தந்திரம்.

இதற்கு உத்தரவு போடுவது எது தெரியுமா? கண்! குருடான டிரவுட் எந்த இடத்தில் இருந்தாலும் கறுத்துப்போகும்.

திறந்த ஏரியில் வாழும் மீனுக்குச் செதிலில் கண்ணாடித் தூள் போன்ற பொருள் அதிகம் படிகிறது. அதனால் வெள்ளிப் பளபளப்பு. முட்டையிடும் பருவம் வந்தால் ஆண் மீன் கறுத்து, சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும்.

சதை சிவப்பது ஏன்?

சிவப்புச் சதையுள்ள டிரவுட் இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்று வளர்ந்தது. இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அந்தச் சாயம்தான் இதுவும்! மீனால் அதைத் தானாக உண்டாக்க முடியாது. பண்ணைகளில் தீனியோடு கலந்து கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரு பாடம்

தெளிந்த நீரில் பிடித்த விராலும் கலங்கிய குளத்து விராலும் ஒரே நிறமாக இருக்காது. "இது என்ன, வெளுத்த மீன்?" என்று ஒதுக்க வேண்டாம். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை நிமிர்கிறதா என்று பாருங்கள். மேனி நிறம் மீன் வளர்ந்த தண்ணீரைச் சொல்லும்; அதை மட்டும் வைத்து மீன் புதிதா பழையதா என்று முடிவு செய்ய முடியாது.