ஒரு லிட்டர் டீசலில் ஊட்டிக்கு ஏறலாமா?

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டரில். நடுவே 1,877 மீட்டர் ஏற்றம். ஓட்டுநரையும் சேர்த்து 1,900 கிலோ எடையுள்ள ஒரு பழைய ஸ்கார்ப்பியோவை இந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். நிறையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால் சுமார் 35 மெகாஜூல் என்று விடை வரும். ஒரு லிட்டர் டீசலை முழுக்க எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 36 மெகாஜூல். வீட்டு மின் மீட்டர் கணக்கில் சொன்னால் பத்து யூனிட். ஆக, ஒரு லிட்டர் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்!

ஆனால் அந்த மலைச்சாலையில் ஓட்டியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நான்கைந்து லிட்டராவது குடிக்காமல் எந்தப் பழைய எஸ்யூவியும் ஊட்டியைப் பார்க்காது. மீதி டீசல் எங்கே போனது என்பதுதான் கேள்வி. "வண்டி முன்ன மாதிரி இழுக்கல, மைலேஜும் விழுந்துபோச்சு" என்று பட்டறைக்கு வருகிறவர் உண்மையில் கேட்பதும் இதைத்தான்.

பெரும்பகுதி போகிற இடம் பழுது அன்று, இயற்பியல். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் என்ஜினைச் சோதித்தபோது எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி என்ஜின்கள் பத்து சதவீதத்தை எட்டவே திணறிக்கொண்டிருந்த காலம் அது. உலகமே வியந்தது. இன்றைய கார் டீசல் என்ஜின் தனக்கு மிகவும் தோதான சுமையில் 40 சதவீதத்தைத் தொடும். ஊர்ச் சாலையில், நின்று நின்று போகையில், அதைவிட வெகுவாகக் குறையும். மீதி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு பாதி சைலன்சர் வழியாகவும் மறுபாதி ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. இந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் நிறுத்த முடியாது. என்ஜின் புதிதாக இருந்தபோது எவ்வளவு இழந்ததோ அந்த அளவுக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். பழைய வண்டியைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: புதிதாகச் சக்தியைச் சேர்க்கப் போவதைவிடத் தொலைந்த சக்தியைத் தேடிப் பிடிப்பது புத்திசாலித்தனம். தேடிப் பிடித்தால் இழுவையும் மைலேஜும் கைகோத்து வரும். சேர்க்கப் போனால் பெரும்பாலும் ஒன்று வர மற்றது போகும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று தேவை. நம் ஊர் வெயிலில் அதன் கொள்ளளவு சுமார் 10,000 லிட்டர். டீசலுக்குக் காசு கொடுக்கிறோம், காற்றுக்குக் கொடுப்பதில்லை. அதனால் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் டீசல் என்ஜினின் சக்திக்கு எல்லை வகுப்பது காற்றுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடுதலாகப் போவது டீசல். அதை எரிக்கும் அளவுக்குக் காற்று இல்லாவிட்டால் எரியாத கரி கரும்புகையாக வெளியே வரும். ஏற்றத்தில் முன்னே போகிற லாரி கரும்புகை கக்கினால் அதன் முதலாளியின் பணம்தான் காற்றில் கரைகிறது.

போதாக்குறைக்கு, உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஊட்டியில் அதன் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னது டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் சூடான புகையை ஒரு சிறு சக்கரத்தின் மேல் பாயவைத்து, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் அவருடைய யோசனை. 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான என்ஜினை லாரியில் ஏற்றி, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த என்ஜின் மேலே 230க்குச் சரிந்தது. டர்போவை இணைத்ததும் 356 தந்தது. மலையுச்சியில் கடற்கரையை உண்டாக்கியது போல!

ஸ்கார்ப்பியோவின் டர்போவுக்குள் இருக்கும் சக்கரம் உள்ளங்கையில் அடங்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அது அழுத்திய காற்று இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் ரப்பர் ஹோஸ்கள் வழியாகப் போகிறது. பத்துப் பதினைந்து வருட வெப்பத்தில் அந்த ரப்பர் வெடிக்கும், கிளாம்ப் தளரும். வண்டி நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுமையோடு ஏற்றம் ஏறும்போதுதான் ஹோஸ் உப்பி, வெடிப்பு வாய் திறந்து, சீறலோடு காற்று வெளியேறும். இழுவை போய்விடும், புகை கறுக்கும், ஓட்டுநர் இன்னும் அழுத்தி மிதிப்பார், மைலேஜும் போய்விடும். சில ஆயிரம் ரூபாய் ஹோஸ் செய்த வேலைக்கு டர்போவையே மாற்றச் சொன்ன கதைகள் எல்லாப் பட்டறை வாசலிலும் உண்டு. ஹோஸைக் கழற்றி, கையால் பிதுக்கி, உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டர் விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. அடைத்த ஃபில்டர் மைலேஜைத் தின்னும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தது. கணினி கட்டுப்படுத்தும் புதிய வகை என்ஜின்களில் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. வேகமெடுக்கும் நேரம்தான் கூடியது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் மட்டும் மைலேஜ் குறைந்தது. சக்தியும் சிக்கனமும் எப்போதும் ஒட்டிப் பிறந்தவை இல்லை என்பதற்கு இது நல்ல சான்று. அதற்காக ஃபில்டரை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். புழுதி உள்ளே போனால் டர்போவும் பிஸ்டன் ரிங்கும் தேயும்.

அடுத்தது டீசல் உள்ளே நுழையும் விதம். பெரிய விறகுக்கட்டை தீக்குச்சிக்கு மசியாது, சிராய் உடனே பற்றும் அல்லவா? டீசலும் அப்படித்தான், துளி சிறுத்தால்தான் முழுதாக எரியும். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் முறை டீசலை 1,350 பார் வரை அழுத்தியது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல அறுநூறு மடங்கு! தலைமுடியைவிடக் கொஞ்சமே பெரிய துளைகள் வழியாக அது பனிமூட்டமாகப் பீய்ச்சப்படுகிறது. இந்த முறையும் அதைக் கட்டுப்படுத்தும் கணினியும் என்ன செய்தன என்பதற்கு ஸ்கார்ப்பியோவின் வரலாறே சாட்சி. 2002இல் வந்த 2.6 லிட்டர் என்ஜின் 109 குதிரைத்திறன் தந்தது. பின்னால் வந்த 2.2 லிட்டர் எம்-ஹாக் என்ஜின் உருவில் சிறியது, தந்ததோ 120.

அந்தத் துளைகளில் படிவு ஏறினாலோ ஓரம் தேய்ந்தாலோ பனிமூட்டம் சொட்டாகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகை, ஐடிலில் உதறல், மிதித்தால் டக்டக் சத்தம் எல்லாம் இதன் அடையாளங்களாக இருக்கலாம். நாசிலைக் கழற்றிச் சோதனை மேசையில் வைத்துப் பார்க்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. சோதிக்காமல் நான்கையும் மாற்றச் சொல்கிறவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாம்.

இனி, நம் ஊர்ப் பட்டறைகளின் பெரும்பாவம்: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. என்ஜின் சூடேறுகிறது என்று போனால் பாதி இடங்களில் இதுதான் முதல் வைத்தியம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார்கள். அந்தச் சின்ன வால்வு ஓர் அற்புதம். அதற்குள் மெழுகு இருக்கிறது. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளி, ரேடியேட்டருக்கு வழி திறக்கிறது. குளிர்ந்தால் மூடிக்கொள்கிறது. மின்சாரமோ கணினியோ தேவையில்லை. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகு நேரமாகும். அதுவரை ஆயில் கெட்டியாக இருந்து உராய்வைக் கூட்டும். எரியும் வெப்பத்தில் அதிகப் பங்கைக் குளிர்ந்த சுவர்கள் உறிஞ்சும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கணினியும் டீசலைக் கூட்டிவிடும். வெயில் 40 டிகிரி அடித்தாலும் 85, 90 டிகிரியில் இயங்க வேண்டிய என்ஜினுக்கு அது குளிர்தான். இன்னும் மோசம், சில என்ஜின்களில் இந்த வால்வு இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடும். ஏற்றத்தில் என்ஜின் முன்னைவிட அதிகமாகச் சூடேறும்!

இதன் தம்பி, ஃபேனை லாக் செய்வது. நீளவாட்டில் வைத்த பெரிய என்ஜின்களில் ஃபேனுக்கு நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த ஒரு கப்ளிங் இருக்கும். ரேடியேட்டர் காற்று சூடானால் பிடித்துச் சுற்றும், ஆறினால் வழுக்கிவிடும். எண்ணெய் கசிந்து கெட்டதும் புதியது வாங்காமல் போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். ஃபேனின் வேகம் இரட்டித்தால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும். நெடுஞ்சாலையில் ஆகாயவிமானம் மாதிரி இரைந்துகொண்டு போகும் பழைய வண்டிகளின் ரகசியம் பல நேரம் இதுதான்.

என்ஜினுக்கு வெளியேயும் கசிவு உண்டு. பிரேக் காலிப்பர் பின் துருப்பிடித்தால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அங்கேதான் டீசல் போகிறது. டயரில் காற்றுக் குறைவும் அப்படியே. கம்பீரத்துக்காகப் பெரிய டயர் மாட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 235/70 அளவுள்ள 16 அங்குல டயரின் இடத்தில் 245/75 மாட்டினால் விட்டம் சுமார் 5 சதவீதம் கூடும். நூறு கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டர் 95தான் காட்டும். மைலேஜ் குறைந்ததில் ஒரு பங்கு நிஜம், ஒரு பங்கு மீட்டரின் பொய். தேய்ந்த டயரில் இதே பொய் தலைகீழாக, உங்களுக்குச் சாதகமாக நடக்கும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டி உருவ எஸ்யூவி ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டும் தோராயமாக 10 குதிரைத்திறன் வேண்டும். 100இல் அது 20 ஆகிவிடும். வேகத்தின் மும்மடி விதி இரக்கமில்லாதது. மேலே காலி கேரியரைச் சுமந்துகொண்டு திரிந்தால் இன்னும் கூடும். டயர் உருளவும் மற்றதற்கும் சேர்த்தால்கூட நூறில் ஓட மொத்தம் முப்பது சொச்சம் குதிரைகள் போதும். 109 குதிரைகளில் மீதியெல்லாம் ஏற்றத்துக்கும் ஓவர்டேக்குக்கும் மட்டும்தான்.

இதைத் தெரிந்துகொண்டு ரீமேப், டியூனிங் பாக்ஸ் விளம்பரங்களைப் பாருங்கள். இவை செய்வது டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டுவது. சக்தி கூடும், அதில் பொய்யில்லை. ஆனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் பார்த்த கிளட்சும் டர்போவும் அந்தக் கூடுதல் முறுக்கத்துக்குத் தயாரா என்று விற்பவர் சொல்லமாட்டார். வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை போட்டிருப்பதையும் சொல்லமாட்டார். டீசல் குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றைப் பற்றி ஒரே வரி போதும்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட "எரிபொருள் சேமிப்பு" கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தும் ஒன்றையும் காணவில்லை.

காசு செலவில்லாத ஒன்றும் உண்டு. மலையிறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்ரலில் என்ஜின் ஐடிலில் ஓட டீசல் குடித்துக்கொண்டுதான் இருக்கும். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரமே என்ஜினைச் சுழற்றும். கணினி டீசலை அடியோடு நிறுத்திவிடும். சிக்கனமும் இதில்தான், பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகாத பாதுகாப்பும் இதில்தான்.

பட்டறைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, வழக்கம்போல ஓட்டி, மறுபடி அங்கேயே நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிப் பார்த்த பிறகு, ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் கப்ளிங், பிரேக், நாசில் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிசெய்து மறுபடி அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. டியூனிங் பாக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை அதுவரை கையிலேயே வைத்திருங்கள்.