ஒரே ஆண்டில் 6,042 வகைப் பறவைகள்! தெரியுமா?

ஜனவரி 1 பிறந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவில் நிறுத்திவிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்க முடியும்? உலகெங்கும் பறவை ஆர்வலர்களைத் தூங்கவிடாத இந்தச் சவாலுக்குப் பெயர் ‘பிக் இயர்’. கோப்பை கிடையாது, பணமுடிப்பு கிடையாது. ஆனால் இதற்காக மனிதர்கள் செய்திருப்பதைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்!

நாளுக்கு 16 புதிய பறவைகள்!

2015 ஜனவரி 1. அண்டார்டிகா கடலில் ஒரு கப்பல். அதில் நின்றபடி கணக்கைத் தொடங்கினார் அமெரிக்க இளைஞர் நோவா ஸ்ட்ரைக்கர். முதுகில் ஒரே ஒரு பை. 7 கண்டங்கள், 41 நாடுகள் என்று ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். ஆண்டு முடிந்தபோது அவர் பட்டியலில் 6,042 வகைகள்! அன்று உலகில் அறியப்பட்டிருந்த பறவை வகைகளே ஏறத்தாழ 10,400தான். பாதிக்கும் மேல் பார்த்துவிட்டார்!

சாதனை முறிந்தது எங்கே தெரியுமா?

நமக்குப் பக்கத்திலேயே! கேரளாவில், பெரியாற்றங்கரையில் இருக்கும் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில், 2015 செப்டம்பர் 16 அன்று. பழைய உலக சாதனை 4,341. அதைத் தாண்ட வைத்த 4,342-வது பறவை இலங்கைத் தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பறவை இது. பகலெல்லாம் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்து உறங்கும். பார்த்தால் இரண்டு காய்ந்த இலைகள், அவ்வளவுதான்! கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். எந்தக் கிளையில் உறங்குகிறது என்று தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தால்தான் உண்டு.

வீட்டை விற்றுப் பறவை பார்த்த ஜோடி!

அந்த 4,341-க்குச் சொந்தக்காரர்கள் பிரிட்டனின் ஆலன் டேவிஸும் ரூத் மில்லரும். வேலையை விட்டார்கள், வீட்டையும் விற்றார்கள். அந்தப் பணத்தில் 2008 முழுக்க உலகைச் சுற்றிப் பறவை பார்த்தார்கள்!

சரி, ஸ்ட்ரைக்கரின் சாதனை எத்தனை காலம் நிலைத்தது? ஒரே ஒரு ஆண்டு! 2016-இல் நெதர்லாந்தின் ஆர்யன் ட்வார்ஷூயிஸ் 6,852 வகைகளைப் பார்த்து அதை முந்திவிட்டார்.

பூனை உணவு தின்ற பையன்!

கென் காஃப்மன் 16 வயதில் பள்ளியை விட்டவர். 1973-இல், 19 வயதில், வழியில் வந்த வண்டிகளிலெல்லாம் கைகாட்டி ஏறி வட அமெரிக்காவைக் குறுக்கும் நெடுக்குமாக அலைந்தார். காசை மிச்சம் பிடிக்கப் பூனைக்குப் போடும் உலர் உணவையே தின்றார். ஆண்டுச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு, பார்த்ததோ 650 வகைகளுக்கும் மேல்! பின்னாளில் பறவைக் கையேடுகள் எழுதிப் புகழ்பெற்றவரும் இவரேதான்.

பெட்ரோல் இல்லாமல் 618!

2014-இல் டோரியன் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சைக்கிளில் கிளம்பினார். ஏறத்தாழ 18,000 மைல் மிதித்து 618 வகைகளைப் பார்த்தார். காரும் இல்லை, விமானமும் இல்லை!

காதில் விழுந்தாலே போதுமா?

போதும்! அமெரிக்கப் பறவை ஆர்வலர் சங்கத்தின் விதிப்படி, குரலை வைத்து உறுதியாக அடையாளம் கண்டாலும் கணக்கில் சேரும். பறவை உயிரோடும் காட்டில் சுதந்திரமாகவும் இருக்க வேண்டும், கூண்டுப் பறவை செல்லாது. ஒவ்வொன்றையும் படமெடுத்தே தீருவது என்று கேமராவோடு இறங்குபவர்களுக்குச் சவால் இரட்டிப்பு. இருட்டில் கூவும் ஆந்தைக்கு வெளிச்சம் ஏது? ஆனால் அபூர்வப் பறவையைப் பார்த்ததாகச் சொல்லும்போது, மங்கலான படம் ஒன்று இருந்தால்கூட அதுதான் பெரிய சாட்சி!

ஸ்ட்ரைக்கர் தனக்கென்று இன்னொரு விதியும் வைத்துக்கொண்டார். பட்டியலில் சேரும் ஒவ்வொரு பறவையையும் தன்னோடு இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். அதனால் போன இடமெல்லாம் அந்த ஊர் ஆர்வலர்களோடுதான் நடந்தார். 6,042 என்ற எண்ணில் அவர்களுக்கும் பங்கு உண்டு!

இந்தியாவில் 1,128!

ஸ்ட்ரைக்கர் உலகைச் சுற்றிய அதே 2015-இல், இந்தியாவுக்குள்ளேயே சுற்றி 1,128 வகைகளைப் பார்த்தார் ஷஷாங்க் தால்வி. காது எவ்வளவு கூர்மை தெரியுமா? 2009-இல் இவரும் ஸ்வீடன் அறிஞர் பெர் ஆல்ஸ்ட்ராமும் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு பூங்குருவியின் பாட்டு வேறுபடுவதைக் கவனித்தார்கள். அந்தப் பாட்டைத் தொடர்ந்து போய், அறிவியலுக்கே புதிய பறவை ஒன்றை 2016-இல் அறிவித்தார்கள். அதன் அறிவியல் பெயரில் இருப்பவர் நம் பறவையியல் அறிஞர் சாலிம் அலி!

உங்கள் கணக்கு எப்போது?

உலகம் சுற்ற வேண்டாம், வீட்டையும் விற்க வேண்டாம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் மொட்டை மாடியில் நின்றாலே நீங்களும் சேரலாம். காகம், மைனா, தேன்சிட்டு என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தட்டேக்காட்டில் அந்தக் கிளையைக் காட்டிய உள்ளூர்க்காரரைப் போல, உங்கள் தெருவின் பறவைகளை அறிந்தவராக நீங்கள் ஆகுங்கள்!