மூன்று ஆறும் நீந்தா மக்களும்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் மூணாறு என்று பெயர் பெற்ற ஊரை நம் வாசகர்கள் அறிவார்கள். நம்மில் பலருக்கு அது பிறந்த மண். அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் நூறு பேரை வரிசையாக நிறுத்தி, “உங்களில் நீந்தத் தெரிந்தவர் எவர்?” என்று வினவினால், உயரும் கைகளை எண்ணி முடிக்க நேரமாகாது என்பது என் கணிப்பு. ஆற்றின் பெயரால் ஊர். அவ்வூராருக்கு ஆற்றில் இறங்கத் தெரியாது. இது ஏன்?

நானும் அம்மலையில் பிறந்தவனே. இப்பொழுது ஒலவக்கோட்டில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். கோடை விடுமுறைக் காலத்தில் செய்தித்தாளைப் புரட்டும்பொழுதெல்லாம் வாளையாறு அணை, மலம்புழை, ஆழியாறு, பாரதப்புழை என்று ஏதேனும் ஒரு நீர்நிலையின் பெயரும், அதனருகே ஓர் இளைஞனின் படமும் கண்ணிற்படுகின்றன. நம் பிள்ளைகள் முன்போல் மலையிலேயே இருந்துவிடுவதில்லை. கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் படிக்கச் செல்கிறார்கள். விடுமுறையில் நண்பர் கூட்டத்தோடு ஆழ்ந்த நீரை முதன்முறையாகக் காண்கிறார்கள். நண்பர்கள் குதிக்கும்பொழுது, “எனக்குத் தெரியாது” என்று சொல்ல பதினெட்டு வயதில் யாருக்கும் வாய் வருவதில்லை. ஆதலால் இது பொழுதுபோக்குக்காக ஆராயும் வினா அன்று.

நீந்தாதவரைக் கோழை என்பது எளிய விடை. தவறான விடையும் ஆகும். காட்டு யானை நிற்கும் பாதையில் விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களைக் கோழை என்று எவர் கூறுவார்? மேலும், நீந்தத் தெரியாமை நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. 2019-ஆம் ஆண்டில் உலக நாடுகள் பலவற்றில் எடுக்கப்பெற்ற ஒரு கணிப்பின்படி, பதினைந்து வயதைக் கடந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் துணையின்றி நீந்த இயலாதவர்கள். பெண்களில் நீந்தக்கூடியவர் மூவரில் ஒருவரே. நீரில் மூழ்கி இறந்தோர் தொகை 2021-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

எனினும் பொதுக் காரணம் வேறு, நம் வீட்டுக் காரணம் வேறு. முதலில் நீரையே நோக்குவோம். மூணாறு கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய ஊரின் ஓடையில் திடீரென இறங்கும் உடல், தன் விருப்பமின்றியே ஒரு பெருமூச்சை இழுக்கிறது. அவ்வேளையில் தலை நீருக்கடியில் இருந்தால் மூச்சுக்குப் பதிலாக நீரே உட்புகும். மருத்துவர்கள் இதனைக் குளிர்நீர் அதிர்ச்சி என்பார்கள். நம் பாட்டிமார் பெயரொன்றும் அறியாமலேயே, “தண்ணிகிட்டே போகாதே சாமி, இழுத்துக்கிட்டுப் போயிடும்” என்றார்கள். அவர்கள் கூறியதில் அறிவியல் இருந்தது. அங்குள்ள ஓடைகளோ பாறைக்குப் பாறை தாவி விழுவன. நின்று பழகுவதற்கு ஒரு முழ அமைதியான நீர் கிடையாது. குளம் இல்லை, கிணறும் இல்லை. ஊற்றுநீர் குழாய் வழியாக லயத்துக்கு வந்துவிடும். குடத்தில் பிடித்து, அடுப்பிலேற்றிச் சுடவைத்துக் குளிப்பது வழக்கம். நீரைக் குடத்தளவில் மட்டும் அறிந்தவர்கள் நாம்.

ஆழ்ந்த நீர் அம்மலைக்கு வந்தது அணைகளோடுதான். குண்டளையும் மாட்டுப்பட்டியும் 1940-களிலும் 1950-களிலும் எழுந்தன. ஆனையிறங்கல் பின்னர் வந்தது. இவை மின்சாரத்துக்காக அமைந்தவை. படகில் உலாவ வரும் வெளியூரார்க்கு இடமுண்டு. கரையில் வாழ்வோர் இறங்கிப் பழகுவதற்கு இடமில்லை. அது முறையும் ஆகும். அணை நீர் நீச்சல் பழகும் இடமன்று. ஆனையிறங்கலில் யானைகள் இறங்கி மறுகரைக்கு நீந்திச் செல்கின்றன. அவற்றுக்குக் கற்பிப்பார் இல்லை. விலங்குகளில் பெரும்பாலானவை பழகாமலே நீந்துகின்றன. மனிதனும் அவனுக்கு நெருங்கிய வாலில்லாக் குரங்குகளுமே கற்றாலன்றி நீந்துவதில்லை.

வெள்ளத்தின் நினைவையும் இங்கே சொல்லவேண்டும். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழை மூணாற்றைச் சூறையாடியது. மலையாள ஆண்டு 1099 ஆதலின் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் கேரளத்தார் அதனைச் சுட்டுகிறார்கள். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அவ்வெள்ளத்தில் அழிந்து மீளவேயில்லை. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய ரயில் அது. (ரயில்வேக்காரனாதலின் இதனைக் கூறாமல் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை, பொறுத்தருள்க.) இரும்பையே அடித்துச் சென்ற நீரிடம் தம் குழந்தையை விளையாட விடுவதற்கு எந்தத் தாய் துணிவாள்?

ஆயினும் குளிரையும் வெள்ளத்தையும் மட்டும் குற்றம் சாட்டி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. நம் முன்னோர் மலையிலேயே முளைத்தவர் அல்லர். 1877-இல் பூஞ்சாற்று அரசர் அம்மலையைக் குத்தகைக்கு விட்டபின், கங்காணிகளின் பின்னே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக ஏறி வந்தவர்கள். அச்சீமைகளில் கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, தெப்பக்குளம் உண்டு. அங்கேயே நீந்தக் கற்று வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வந்தவர்களுள் பெரும் பகுதியினர், அந்த ஊருணியில் கால் வைக்கவும் அனுமதிக்கப்படாத சேரியினர் என்பதை மறந்து கேட்கும் கேள்வி அது. குடிக்க நீர் மொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் எங்கே நீந்துவது? மகாராட்டிரத்தில் மகத் என்னும் ஊரில் சவதார் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடிப்பதற்கு டாக்டர் அம்பேத்கர் 1927 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. நீச்சல் என்பது நீரின்மேல் உரிமையுள்ளவனுக்கே கைகூடும் கலை.

அமெரிக்க நாட்டிலும் இதே கதைதான். நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பெற்ற கறுப்பினத்தவரை நகராட்சி நீச்சல் குளங்களில் வெள்ளையர் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் ஆணையிட்டபொழுது, சேர்ந்து குளிப்பதைவிடக் குளத்தையே மூடிவிடுவது மேல் என்று மூடிய நகரங்கள் தென் மாநிலங்களில் இருந்தன. அத்தடைகள் நீங்கிப் பல்லாண்டுகள் ஆகியும், அவ்வினத்துப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தோர் வெள்ளையர் பிள்ளைகளைவிடக் குறைவாகவே உள்ளனர். காரணம் தெளிவு. நீந்தத் தெரியாத தந்தை மகனை நீரருகே அழைத்துச் செல்வதில்லை. தன் அச்சத்தையே அவனுக்குச் சீதனமாகக் கொடுக்கிறான். சட்டம் ஒரே நாளில் மாறலாம். அச்சம் மூன்று தலைமுறை நடக்கும்.

இனி மலையிறங்கிப் பாலக்காட்டுப் பக்கம் வருவோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய எல்லைப்புற ஊர்களில் நம்மவர் நிலை வேறாக இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் அகன்ற கிணறு. மட்டையோடு கூடிய இரண்டு நெற்றுத் தேங்காய்களைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் பிள்ளையைக் கவிழ்த்து, மாமன் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்வார். ஒரு வாரத்தில் தேங்காய் தேவைப்படாது. சிலர் சுரைக்குடுக்கை கட்டினார்கள். பிற்காலத்தில் லாரி டியூப் வந்தது. அங்கு நாற்பதைக் கடந்த ஆண்களில் நீந்தாதவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள்? மழை குறைந்த கீழ்ப்புறம் அது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் திறந்த கிணறுகள் பல வற்றிவிட்டன. சிலவற்றில் குப்பை கொட்டப்படுகிறது. ஆறங்குல அகலக் குழாய்க்குள் எவரும் நீந்திப் பழக முடியாது. ஆற்றிலோ மணல் அள்ளிய குழிகள்; முழங்காலளவு நீரில் நடப்பவன் அடுத்த அடியில் தலைக்குமேல் நீரைக் காண்கிறான். மலைத்தோட்டத்துப் பிள்ளையும் சமவெளித் தோட்டத்துப் பிள்ளையும் இந்த ஒன்றில் இப்பொழுது சமமாகிவிட்டார்கள்.

பெண்களைப் பற்றிக் கூறுவதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கிணற்றில் ஆண்கள் குதிக்கும்பொழுது பெண்கள் கரைக்கு அருகே வரலாகாது. பத்து வயதுவரை தேங்காயில் மிதந்த சிறுமியும் பெரியவளானதும் கரையேற்றப்பட்டாள். சேலை நனைந்தால் கால்களைக் கட்டிப்போடும் என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அதற்கு முன் 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா சென்ற படகு மூழ்கி, குழந்தைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர் இறந்தார்கள். இவ்விடங்களில் நீச்சல் மட்டுமே காத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. கவிழ்ந்த படகினுள் அகப்பட்டால் தேர்ந்த நீச்சல்காரரும் திணறுவார். படகில் ஏறியவுடன் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணிவதும், ஒரே பக்கம் அனைவரும் சாயாதிருப்பதும் முதற்பாடம். கேட்டும் தராத படகில் ஏறவே வேண்டாம்.

மலையில் பிறந்தவனுக்கு நீச்சல் வராது என்று எவரேனும் சொன்னால், சாஜன் பிரகாஷ் பெயரைச் சொல்லுங்கள். 1993-இல் இடுக்கியில் பிறந்த மலையாளி அவர். தாயார் தடகள வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணி. ஆதலின் பிள்ளை நெய்வேலியில் வளர்ந்து, அந்நகரியக் குளத்தில் நீந்தக் கற்றது. 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் அவரே. நாம் தமிழகத்திலிருந்து இடுக்கிக்குப் பிழைக்க வந்தோம். அக்குடும்பம் அங்கிருந்து தமிழகத்துக்குச் சென்றது. பிள்ளையின் இரத்தத்தில் வேறுபாடு ஒன்றுமில்லை. சென்ற இடத்தில் குளம் ஒன்று இருந்தது, அவ்வளவே.

குளம் இல்லாமையின் விலையைப் படிப்பிலும் கொடுத்தோம். கேரளத்தில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் நீச்சல் அறிந்தவர்க்கு 2 போனஸ் புள்ளிகள் வழங்கும் முறை சில ஆண்டுகள் இருந்தது. நல்லெண்ணத்தோடு வகுத்த முறைதான். ஆனால் ஆலப்புழைப் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும் அப்புள்ளிகளை, தேவிகுளத்துப் பிள்ளை எங்கே சென்று பெறும்?

வயது வந்தவர் கற்க முடியுமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. முடியும். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்பொழுது பெரும்பாலோர் உடல் நன்னீரில் மிதக்கும் இயல்புடையது. அஞ்சியவன் தலையை உயர்த்துகிறான், கைகளை மேலே வீசுகிறான். நீருக்கு வெளியே எழும் ஒவ்வோர் உறுப்பின் எடையும் மற்றவற்றைக் கீழே அழுத்துகிறது. ஆகவே முதற்பயிற்சி கைவீச்சு அன்று. இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வாயால் குமிழியிட்டு விடுவதே முதற்பயிற்சி. பிறகு மல்லாந்து மிதத்தல். இவ்விரண்டும் பழகியவர்க்குப் பாதி நீச்சல் வந்துவிட்டது. என் ஒன்றுவிட்ட அக்காள், இரண்டு பிள்ளைகளின் தாய், கோயம்புத்தூரில் ஒரு குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய வேளையில் மூன்று வாரம் சென்று இதனைக் கற்றாள். முதல் நான்கு நாளும் முகம் நனைக்கவே அழுதாளாம். “தம்பி, முகத்தை உள்ளே வெச்சப்புறம்தான் தண்ணி அமைதியா இருக்கிறதே தெரிஞ்சுது” என்றாள்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் அமர்த்தும் நாம், கோடை விடுமுறையில் மலைத்தோட்டப் பிள்ளைகளில் இருபது பேரையாவது சமவெளிக்கு அழைத்துவந்து, உறவினர் வீடுகளில் தங்கவைத்து, பயிற்றுநர் உள்ள குளத்தில் மூன்று வாரம் பழக்கலாம். சிறுமியரையும் சேர்த்தே அழைக்கவேண்டும். அணையும் ஆறும் வேண்டா.

அதுவரையில் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவையுங்கள். நீரில் தத்தளிப்பவரைக் கண்டு, நீந்தத் தெரியாதவர் குதிக்கலாகாது. மூழ்குபவர் அவரையும் பற்றிக்கொண்டு இருவருமாக அமிழ்வார்கள். கயிறு, மூங்கில், சேலை எது கிடைப்பினும் கரையில் படுத்துக்கொண்டு நீட்டவேண்டும். மூடியிட்ட வெற்றுத் தண்ணீர்க் கேன் இருந்தால் அதை எறியவேண்டும். ஐந்து லிட்டர் கேன் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தாங்கும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால், வளர்ந்த ஆளின் முகத்தையும் நீருக்குமேல் நிறுத்த அது போதும். உல்லாசப் பயணம் செல்லும்போது சோற்றுப் பொட்டலத்தோடு வெற்றுக் கேன் ஒன்றையும் கயிறொன்றையும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.