பி.எஃப். தளம் மாறுகிறது, தொழிலாளியின் புகார் எங்கே போய்ச் சேர்கிறது?

திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளி ஒருவரிடம் கையிருப்பு என்ன என்று கேட்டால், நகைக்கும் சீட்டுக்கும் முன்னால் பி.எஃப். கணக்கைத்தான் சொல்வார். எண்ணூரில் அசோக் லேலண்ட் 1948-லும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 1955-லும் வந்தன. எம்.ஆர்.எஃப். பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். மகள் கல்யாணம், மகனின் பாலிடெக்னிக் கட்டணம், மணலிப் பக்கம் வாங்கிய அரை கிரவுண்டு என இங்குள்ள பல குடும்பங்களின் பெரிய செலவுகளுக்குப் பின்னால் ‘பி.எஃப். லோன்’ ஒன்று இருக்கும்.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஆபீசில் இருந்து ஒரு சிலிப் வரும். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அடுத்த வருடம்தான் மறுபடி கணக்கு. 2014-இல் யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண் வந்த பிறகு, கணக்குப் பார்க்கும் வேலை தொழிலாளியின் கைக்கு மாறியது. கம்பெனி மாறினாலும் எண் ஒன்றே. நாமே இணையத்தில் நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அன்றிலிருந்து தொழிலாளிக்கும் அவர் பணத்துக்கும் நடுவில் ஒரு திரை வந்துவிட்டது. அந்தத் திரையின் வடிவம் மாறும்போதெல்லாம் என்ன நடக்கிறது, அதைப் பற்றி எழும் புகார்களை யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

அண்மையில் நடந்த பெரிய மாற்றம் ‘பாஸ்புக் லைட்’. 2025 செப்டம்பர் 18 அன்று மத்திய தொழிலாளர் நலத்துறை இதை அறிவித்தது. அதுவரை கிளெய்ம் போட ஒரு தளம், பாஸ்புக் பார்க்க வேறொரு தளம். இரண்டுக்கும் தனித்தனியாக லாகின் செய்ய வேண்டும். பாஸ்புக் பக்கத்தில் கூட்டம் சேர்ந்தால் திறக்கவே திறக்காது. இப்போது கிளெய்ம் போடும் உறுப்பினர் தளத்துக்குள்ளேயே வரவு, எடுத்த பணம், இருப்பு ஆகிய மூன்றும் சுருக்கமாகத் தெரிகின்றன. விரிவான கணக்கு வேண்டுமென்றால் பழைய பாஸ்புக் தளத்துக்குப் போகலாம், அதை மூடவில்லை. பழைய வழியைத் திறந்து வைத்துக்கொண்டே புதிய வழியைக் காட்டிய இந்த முறையைப் பாராட்ட வேண்டும்.

சுருக்கம் எல்லோருக்கும் போதுமா என்றால், போதாது. பாஸ்புக்கில் ஒரு மாத வரியை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். கம்பெனியும் அதே 1,800-ஐக் கட்டுகிறது. ஆனால் கம்பெனி பங்கு என்ற கட்டத்தில் 550 ரூபாய்தான் தெரியும். மீதி 1,250 ரூபாய் பென்ஷன் என்ற தனிக் கட்டத்தில் நிற்கும். அதற்கு வட்டி சேராது. இது தெரியாதவர் கண்ணுக்குக் கம்பெனி மாதாமாதம் 1,250 ரூபாயை அமுக்குவது போலத்தான் படும். “அண்ணா, கம்பெனிக்காரன் பாதிகூட கட்டலையே?” என்ற கேள்விக்கு விடை அந்த மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் தமிழில் இருந்தால் கேள்வியே எழாது. எழுத்தளவு, நிறம், பட்டனின் அழகு எல்லாம் பிறகு. கணக்கு புரிகிறதா என்பதுதான் வடிவமைப்பின் முதல் சோதனை.

ஒரே ஒரு வரி கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2022-இல் நாடே பார்த்தது. வட்டி பாஸ்புக்கில் ஏறவில்லை என்று பலர் பொதுவெளியில் கேட்கத் தொடங்கினார்கள். அக்டோபர் 5 அன்று நிதியமைச்சகம் பதில் சொன்னது: யாருக்கும் வட்டி இழப்பு இல்லை, வரி விதிப்பு மாறியதற்கு ஏற்ப மென்பொருளை மாற்றி வருவதால் கணக்கில் தெரியவில்லை, அவ்வளவுதான். 2021-22 முதல், ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் தொழிலாளி பங்கு கட்டுவோருக்கு அந்தக் கூடுதல் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. அதைப் பிரித்துக் காட்டுவதற்கான வேலை அது. மாதம் 1,800 ரூபாய் கட்டும் திருவொற்றியூர் தொழிலாளிக்கும் அந்த வரிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் அவருடைய பாஸ்புக்கிலும் வட்டி விவரம் சேர்ந்தே மறைந்திருந்தது. அமைச்சகம் அக்டோபரில் சொன்ன அந்த விளக்கம், மறைந்த அன்றே, பாஸ்புக்கின் தலைப்பிலேயே இருந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியில் பாஸ்புக் தளம் சில நாட்கள் திறக்காமல் போனபோதும் இதே குழப்பம்தான். மாற்றம் நடக்கும்போது முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பழுது எது, பணம் போனது எது என்று பயனாளிக்குப் பிரித்தறிய வழியில்லை.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். தளத்தின் முகம் மாறும்போது எழும் எதிர்ப்பை ‘பழக்க தோஷம், நாலு நாளில் சரியாகிவிடும்’ என்று வடிவமைப்பாளர்கள் ஒதுக்குவது வழக்கம். ஓரளவு அது உண்மைதான். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் முகப்பில் நண்பர்களின் செய்திகளை ஓடவிட்டபோது லட்சக்கணக்கான மாணவர்கள் எதிர்த்தார்கள். நிறுவனம் அந்த அம்சத்தை எடுக்கவில்லை. இன்று அது இல்லாத ஃபேஸ்புக்கை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் ‘என் செய்தி யாருக்குத் தெரியும் என்பதை நான்தான் தீர்மானிக்க வேண்டும்’ என்ற நியாயமான கோரிக்கை ஒன்று இருந்தது. அதற்கான கட்டுப்பாடுகளைச் சில நாட்களிலேயே நிறுவனம் கொடுக்க வேண்டி வந்தது. முணுமுணுப்பிலிருந்து குறையைப் பிரித்தெடுப்பதுதான் கருத்துக் கேட்பதன் முழு வேலை.

நம் நாட்டில் 2021 ஜூன் 7 அன்று வருமான வரித்துறை புதிய தளத்தைத் திறந்தபோது வந்த புகார்கள் இன்னொரு வகை. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தைப் பொதுவெளியில் கேள்வி கேட்டார். ஆகஸ்டு 23 அன்று அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை நேரில் அழைத்து, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யக் கெடு வைத்தார். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அமைச்சர் வரைக்கும் போய் எட்டிய அந்தக் குரல், ஆடிட்டர்களின் குரல். எங்கே சிக்கியது, என்ன பிழைச் செய்தி வந்தது என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பி.எஃப். பயனாளியிடம் அந்த வசதி இல்லை. உறுப்பினர் தளத்தில் தமிழ் இல்லை. வெல்டிங் கடையிலும் கன்டெய்னர் யார்டிலும் வேலை பார்ப்பவர்களில் பலர் அந்தத் திரையை வாசிப்பதில்லை. அதன் இடங்களை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மேலே இடப்பக்கம் இரண்டாவது, அதைத் தொட்டால் இறங்கும் பட்டியலில் முதலாவது, பிறகு பச்சைப் பட்டன். வீட்டில் கரண்டு போனாலும் சுவிட்ச் இருக்கும் இடம் கைக்குத் தெரிவதுபோல அவர்களுக்குத் தளம் தெரியும். ஆங்கிலம் படிப்பவருக்குப் பட்டன் இடம் மாறினால் ஒரு நிமிடத் தேடல். இடத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு, கற்றது முழுவதும் போய்விட்டது. பிறகு ஜெராக்ஸ் கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போய், ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். தளத்தின் வடிவமைப்பு பணத்தின் பாதுகாப்பைத் தொடும் இடம் இது.

புகார்களை எண்ணிப் பார்த்துத் தளத்தைத் திருத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதே பி.எஃப். தளத்தில் சாட்சி இருக்கிறது. கிளெய்ம் போடும்போது காசோலைத் தாளையோ பாஸ்புக் முதல் பக்கத்தையோ படமெடுத்து ஏற்ற வேண்டும் என்றொரு கட்டம் இருந்தது. மங்கலான படம், பெயர் அச்சிடாத காசோலை என்று காரணம் காட்டிக் கிளெய்ம் ரிஜெக்ட் ஆகும். 2022-23-இல் நாடு முழுவதும் வந்த இறுதிப் பணப்பட்டுவாடா விண்ணப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று நிராகரிக்கப்பட்டது. வேலையை விட்டு நின்றவருக்கு, வருமானம் இல்லாத மாதத்தில் வரும் நிராகரிப்பு அது.

2024 மே 28 முதல், கே.ஒய்.சி. சரியாக உள்ள சிலருக்கு மட்டும் அந்தக் கட்டத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1.7 கோடி பேர் அதனால் பயன்பெற்ற பிறகு, 2025 ஏப்ரலில் எல்லோருக்குமே எடுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கு எண்ணை இணைக்க முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற படியும் அப்போதே போனது. வங்கி சராசரியாக மூன்று நாளில் சரிபார்த்துவிடுகிறது, முதலாளி ஒப்புதல் கொடுக்கத்தான் 13 நாள் ஆகிறது என்று அரசே சொன்னது, 14.95 லட்சம் பேரின் கோரிக்கை முதலாளிகளிடம் தேங்கிக் கிடந்தது. கான்ட்ராக்டர் போனை எடுக்காமல் அலைந்த யாரும் அந்த 13 நாளைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். தளத்தை அழகுபடுத்தியதால் அந்த அலைச்சல் குறையவில்லை. தேவையற்ற இரண்டு கட்டங்களைத் தூக்கியதால் குறைந்தது.

பெயர்ச் சிக்கல் அடுத்தது. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கம்பெனி ரிக்கார்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இதைத் திருத்த முதலாளி கையெழுத்துடன் கூட்டு உறுதிமொழி, அதற்கு ஆவணம், அதற்குப் பிறகு காத்திருப்பு. உறுப்பினர்கள் கொடுக்கும் புகார்களில் சுமார் 27 சதவீதம் சுயவிவரம், கே.ஒய்.சி. பற்றியவையே என்று தொழிலாளர் அமைச்சகம் கணக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் வழி பிறந்தது: 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் அடிப்படையில் யு.ஏ.என். பெற்றவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை ஆவணம் ஏற்றாமல் தாங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண்காரர்களுக்கு, அதாவது இந்த ஊரின் மூத்த தொழிலாளர்களுக்கு, முதலாளி வழியாகப் போகும் பாதைதான் தொடர்ந்தது. மூடிய ஆலையில் வேலை பார்த்தவர் யாரிடம் கையெழுத்துக் கேட்பார்? சீர்திருத்தம் அவருக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

புகார் கொடுக்க ஆன்லைனில் தனித் தளம் இருக்கிறது. ஆனால் தளத்தில் சிக்கியவரை இன்னொரு தளத்துக்குப் போய் எழுதச் சொல்வதில் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். நேரில் கேட்கும் ஏற்பாடும் உண்டு. ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற பெயரில் 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி எல்லா மாவட்டங்களிலும் முகாம் நடக்கிறது. அங்கே தனிப்பட்ட கிளெய்ம் தீர்கிறது. அதோடு, ‘எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் நின்றீர்கள்’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கோரிக்கை. தினமும் பத்துப் பேருக்கு லாகின் செய்துகொடுக்கும் பிரவுசிங் சென்டர் பையனுக்குத் தெரிந்த அளவு அந்தத் தளத்தின் பள்ளம் மேடு தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வாய்ப்பில்லை. புதிய பக்கம் ஒன்றைத் திறப்பதற்கு முன் காலடிப்பேட்டையில் நாலு கடை, எண்ணூரில் நாலு கடை என்று உட்கார்ந்து பார்த்தால், எங்கே விரல் நிற்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

தமிழ் இயலாத காரியமும் அல்ல. பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 7738299899 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது மொழிக் குறியீடாக டி.ஏ.எம். என்று சேர்த்தால், இருப்பு விவரம் தமிழில் வரும். பல ஆண்டுகளாக இருக்கும் வசதி இது. குறுஞ்செய்திக்குள் நுழைந்த தமிழ் தளத்துக்குள் நுழைய முடியாது என்று சொல்ல எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

அதுவரை தளத்தில் தடங்கல் வந்தால் தொழிலாளி செய்யக்கூடியது: திரை நின்ற இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, நேரம், கிளெய்ம் எண், வந்த பிழைச் செய்தி நான்கையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘சைட் வேலை செய்யல’ என்று கொடுத்தால் ‘இப்போது வேலை செய்கிறது’ என்று பதில் வந்து புகார் முடிந்துவிடும். ‘இன்ன பக்கத்தில் இன்ன கட்டம் ஏற்கவில்லை’ என்றால் அந்தக் கட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெயர் மாறுபாடு என்றால் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். 27-ஆம் தேதி விடுமுறையாக இருந்தால் முகாம் அடுத்த வேலை நாளில் நடக்கும்.