இதயம் களைத்தவரை வீட்டில் பராமரித்தல்

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. நீர் இறைக்கும் இயந்திரம் பழுதானால் வயலுக்குப் போதிய நீர் பாயாது. அதுபோலவே களைத்த இதயமும் இரத்தத்தைப் போதியளவு தள்ளுவதில்லை. உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. கால் வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது.

இதை முன்கூட்டியே அறியத் தினமும் நிறை பாருங்கள். காலையில் சலம் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். 3 நாட்களுக்குள் 2 கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று கொள்ளலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது வைத்தியரிடம் செல்லுங்கள். தராசு இல்லாதோர் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அதுவும் எச்சரிக்கையே.

கருவாடு, ஊறுகாய், ரின் மீன் ஆகியவற்றில் உப்பு அதிகம்; தவிருங்கள். அடிக்கடி சலம் போகிறதென்று நீர்க் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு நோவுக்கு ஐபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். அவை உடலில் நீரைத் தேக்கும்.

இடம்பெயர நேர்ந்தால் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கவே முடியாதபடி மூச்சு முட்டினால் நோயாளியை நிமிர்த்தி இருத்தி, 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.